மிஷின்காரர் செய்த ஸ்டாண்டு

சுகாதார ஆபீசரம்மா கெட்ட சேதியை நல்லவிதமாகத்தான் சொன்னார். பட்டறை வாசலில் கவிழ்த்துப் போட்டிருந்த மரப்பெட்டியின்மேல் உட்கார்ந்து, கொடுத்த தேநீரை மிச்சம் வைக்காமல் குடித்துவிட்டு, பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நிதானமாகப் படித்துக் காட்டினார். பஸ் நிலையம், காய்கறிச் சந்தை, பெரிய ஆஸ்பத்திரி என்று மூன்று இடங்களில் இரண்டு வாரமாக வைத்திருந்த மூன்று கை கழுவும் ஸ்டாண்டுகளைப் பற்றிய அறிக்கை அது. தொட்டி ஒழுகவில்லை. குழாய் அடைக்கவில்லை. தகடு எங்கேயும் துருப்பிடிக்கவில்லை. ஆனாலும் பொதுமக்கள் பயன்படுத்தச் சிரமப்படுகிறார்கள், தண்ணீர் வெளியே சிந்துகிறது, பலர் கை கழுவாமலே போய்விடுகிறார்கள் என்று மூன்று இடத்திலிருந்தும் சொல்லிவைத்தாற்போல் எழுதி வந்திருந்தது.

"என்ன சிரமம்னு எழுதலயேம்மா?" என்றாள் ரிவிட்டக்கா.

"எழுதுறவங்க அவ்வளவுதான் எழுதுவாங்க. அவங்களும் நின்னு பாத்திருக்க மாட்டாங்க" என்றார் ஆபீசரம்மா.

பட்டறையில் தகடுகளை இணைக்க ரிவிட் ஆணி அடிப்பது அவள் வேலை. கல்யாணமாகி வந்த புதிதில் தெருக்காரர்கள் விளையாட்டாக வைத்த பெயர் அது. இருபத்திரண்டு வருஷத்தில் சொந்தப் பெயரைத் தின்றுவிட்டது. அவள் வீட்டுக்காரரையும் ஊரில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ஊரிலுள்ள தையல் மிஷின் எல்லாம் பழுதானால் அவர் கைக்குத்தான் வரும் என்பதால் அவர் மிஷின்காரர்.

மிஷின்காரர் பட்டறைக்குள் நின்ற நான்காவது ஸ்டாண்டைக் கைகாட்டினார். அவர்களுடைய ஒரே மகள் எழுந்து வந்தாள். பெடலை மிதித்தாள், தண்ணீர் விழுந்தது. காலை எடுத்து சோப்புப் போட்டாள், மறுபடி மிதித்துக் கழுவினாள். தரையில் ஒரு சொட்டு இல்லை. பிறகு ரிவிட்டக்கா போய்க் கழுவினாள். மூலையில் தரையில் கால் நீட்டி உட்கார்ந்து ரப்பர் வாஷர் வெட்டிக்கொண்டிருந்த நாத்தனாரும் எழுந்து வந்து, கேட்காமலே தன் பங்குக்குக் கழுவிக் காட்டினாள்.

"இங்க நல்லாத்தான் இருக்கு" என்று நெற்றியைத் தேய்த்துக்கொண்டார் ஆபீசரம்மா. "விதியில ஒரு மறு வாய்ப்பு இருக்கு. பத்து நாளைக்குள்ள திருத்தி வச்சிடுங்க, மறுபடி ரெண்டு வாரம் பாப்போம். அதுவும் தேறலன்னா என் கையில ஒண்ணும் இல்ல. தப்பா நெனச்சுக்காதீங்க."

போகிறபோது அவர் பார்வை சுவரோரம் நின்ற தகடு மடிக்கும் மிஷின்மேல் ஒரு நிமிஷம் நின்றது. எல்லாருமே அதைக் கவனித்தார்கள்.

பொது இடங்களில் வைக்கிற சுகாதாரச் சாமான்களை வெளியூர்க் கம்பெனிகளிடம் வாங்காமல், அந்தந்த ஊர்ப் பட்டறைகளிலேயே செய்ய வைத்து வாங்குவது என்று அரசாங்கம் நிதி ஒதுக்கியிருந்தது. மனுப் போட்ட பதினேழு பட்டறைகளில் மிஷின்காரரின் வரைபடம் தேறியது. நிதியின் முதல் பங்கு ரொக்கமாக வரவில்லை. பச்சை வண்ணம் பூசிய இந்த மிஷினாக, லாரியில் வந்து இறங்கியது. மாதிரி தேறினால் நூற்றிருபது ஸ்டாண்டு செய்து தர வேண்டும். ஒரு வருஷத்துக்கு வேலை. தேறாவிட்டால் மிஷின் அடுத்த பட்டறைக்குப் போய்விடும்.

அது வருவதற்கு முன்பு தகடு மடிப்பதும் ரிவிட்டக்காவின் வேலையாகத்தான் இருந்தது. இரும்புத் தண்டவாளத் துண்டின்மேல் தகட்டை வைத்து மரச்சுத்தியலால் தட்டித் தட்டி மடிப்பாள். ஒரு தொட்டிக்கு எட்டு மடிப்பு. சாயங்காலம் சோற்றைப் பிசைய முடியாமல் கரண்டியால் சாப்பிடுகிற அளவுக்கு முழங்கை வலிக்கும். மிஷின் வந்த பிறகு ஒரு கைப்பிடியை இறக்கினால் போதும். தகடு சத்தமில்லாமல் மடிந்து கொடுத்தது. இரண்டு மாதமாக அவள் கையால் பிசைந்து சாப்பிடுகிறாள். இதை அவள் யாரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொள்ளவில்லை. காலையில் பட்டறை திறந்ததும் முதல் வேலையாக அந்த மிஷினைத் துடைப்பாள், அவ்வளவுதான்.

ஆபீசரம்மா போன பிறகு மிஷின்காரர் நான்காவது ஸ்டாண்டை அக்கக்காகக் கழற்றினார். பெடலிலிருந்து குழாய்க்குப் போவது சைக்கிள் பிரேக் வயர், அதை மாற்றினார். ஸ்ப்ரிங் கெட்டியாக இருக்கிறதோ என்று இளகின ஸ்ப்ரிங் போட்டுப் பார்த்தார். இளகினது காலை எடுத்த பிறகும் திரும்பவில்லை, பழையதையே போட்டார். குழாயை இரண்டு விரல் உள்ளே தள்ளினார். இல்லாத பழுதுக்கு மூன்று நாள் வைத்தியம் நடந்தது. ஒவ்வொரு திருத்தத்துக்கும் பிறகு வீட்டார் நான்கு பேரும் வரிசையாக நின்று கை கழுவினார்கள். ஒவ்வொரு தடவையும் ஒழுங்காகவே வந்தது.

"ஜனங்களுக்குக் கை கழுவத் தெரியலன்னா அதுக்கும் நாமதான் பொறுப்பா?" என்றாள் நாத்தனார். அவள் மிஷின்காரருக்கு ஆறு வயது மூத்தவள். கல்யாணம் பண்ணிக்கொள்ளாமல் தம்பி வீட்டோடு தங்கிவிட்டவள். தம்பி செய்த சாமானில் குறை இருக்கும் என்பது அவள் புத்திக்கு எட்டாத விஷயம்.

மிஷின்காரருக்கு வலது முட்டி மடங்காது. எட்டு வயதில் ஒரு மதிலிலிருந்து விழுந்து எலும்பு முறிந்தது. கட்டுப் போட்டவர் போட்ட கட்டில் முட்டி கட்டையாகவே நின்றுவிட்டது. நடக்கும்போது அந்தக் கால் தரையில் அரைவட்டம் போட்டு முன்னால் வரும். கடைத்தெருவில் அவருக்கு இன்னொரு பெயர் உண்டு: காம்பஸ். அவர் முகத்துக்கு நேரே இப்போது யாரும் அதைச் சொல்வதில்லை. சொன்ன ஒன்றிரண்டு பையன்கள்மேல் அந்தக் காலத்தில் நாத்தனார் கல்லெடுத்து எறிந்திருக்கிறாள். ஒருவனுக்கு இன்னும் புருவத்தில் தழும்பு இருக்கிறது.

அந்த வீட்டில் காலைப் பற்றிப் பேச்சு கிடையாது. பேசக்கூடாது என்று யாரும் சட்டம் போடவில்லை, யாரும் பேசினதில்லை. 'காலை வாரிவிட்டான்', 'ஒற்றைக் காலில் நிற்கிறாள்' என்று நாலு வீட்டில் சாதாரணமாகப் புழங்குகிற பேச்சுகூட அங்கே புழங்காது. மகள் பள்ளிக்கூடம் போன பிறகுதான் அதையெல்லாம் கற்றுக்கொண்டாள். வீட்டு வாசல்படி ஏறும்போது வெளியிலேயே விட்டுவிட்டு வரவும் தானாகவே கற்றுக்கொண்டாள்.

நான்காம் நாள் காலை, ரிவிட் வாங்கி வருகிறேன் என்று சொல்லிவிட்டு ரிவிட்டக்கா புறப்பட்டாள். ரிவிட் வாங்கினாள் என்பதும் உண்மைதான். அதை வாங்கிக்கொண்டு நேரே பஸ் நிலையத்துக்குப் போய், ஸ்டாண்டுக்கு எதிரே இருந்த டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தாள்.

முந்தின நாள் பெய்த மழை நிலையத்துக்குள் அங்கங்கே தேங்கிக் கிடந்தது. பஸ் வந்து திரும்புகிறபோதெல்லாம் ஜனங்கள் ஒரே நேரத்தில் பின்வாங்கினார்கள். ஸ்டாண்டு கழிப்பறைக்கும் டீக்கடைக்கும் நடுவில், தூணோரமாக நின்றது. மகள் பூசிய நீல வண்ணம் இன்னும் மங்கவில்லை. சொந்தக்காரர் வீட்டில் விட்டுவைத்த குழந்தையைப் பார்ப்பது மாதிரி அவள் அதைப் பார்த்தாள்.

டீக்கடைக்காரருக்கு அவளைத் தெரியும். குறை சொல்லி எழுதிவிட்டார்களாமே என்று அவரே பேச்சை ஆரம்பித்தார். "எவனோ வேலையத்தவன் எழுதியிருக்கான். நான் ஒரு நாளைக்கு இருபது தடவ கழுவுறேன். ஒரு தடவ மக்கர் பண்ணுச்சா? இந்தா பாரு" என்று போய்க் கழுவியும் காட்டினார். தண்ணீர் கையில்தான் விழுந்தது. அவளுக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. ஒரு டீ சொன்னாள்.

முதலில் ஒரு பெரிய பெட்டியோடு ஒருவர் வந்தார். பெட்டியை வைத்துவிட்டுக் குழாய்க்குக் கீழே இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு காத்திருந்தார். தண்ணீர் வரவில்லை. குனிந்து பார்த்துப் பெடலைக் கண்டுபிடித்தார். வலது காலைத் தூக்கி, இடது காலுக்குக் குறுக்கே கொண்டுபோய் அதை மிதித்தார். தண்ணீர் வந்த அதே நிமிஷம் ஆட்டம் கண்டு, ஈரக் கையால் தொட்டியைப் பிடித்துக்கொண்டார். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தார்.

அடுத்து இரண்டு பெண்கள். ஒருத்தி குத்தவைத்துக் கையால் பெடலை அழுத்தினாள், மற்றவள் கழுவினாள். பிறகு கழுவினவள் குத்தவைத்தாள், மற்றவள் கழுவினாள். சேறு படிந்த பெடலை அழுத்திய கையைத் துணியில் துடைத்துக்கொண்டு இருவரும் சிரித்தபடி போனார்கள். கை படக்கூடாது என்பதற்காகத்தான் காலால் மிதிக்கிற மாதிரியே செய்தது. ரிவிட்டக்கா டீ கிளாஸைப் பெஞ்சில் வைத்தாள்.

ஒரு கண்டக்டர் வந்தார். அவர் தினமும் கழுவுகிறவர் போலும். ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தார். ஸ்டாண்டுக்கு நேரே நிற்காமல் இடது பக்கமாக ஒதுங்கி நின்று, வலது காலால் மிதித்து, கையை எட்டி நீட்டினார். தண்ணீர் பாதி கையிலும் பாதி சட்டைக் கையிலும் விழுந்தது.

அவள் பையைப் பிரித்து ரிவிட்டை எடுத்தாள். வலது காலை நீட்டுகிற ஒவ்வோர் ஆளுக்கும் ஒரு ரிவிட்டைப் பெஞ்சில் வலது பக்கம் வைத்தாள்; இடது காலை நீட்டினால் இடது பக்கம். ஏன் அப்படிச் செய்யத் தோன்றியது என்று அவளுக்கே தெரியவில்லை. கண்ணுக்கு ஏதோ பட்டுவிட்டது, புத்திக்கு இன்னும் வந்து சேரவில்லை. ஒரு மணி நேரத்தில் வலது பக்கம் முப்பத்துமூன்று சேர்ந்தது. இடது பக்கம் ஐந்து. அதிலும் இரண்டு டீக்கடைக்காரருடையது.

"அண்ணே, உங்களுக்கு எந்தக் கை பழக்கம்?" என்று கேட்டாள்.

"இடதுதான். வாத்தியார் எவ்வளவோ அடிச்சுப் பாத்தாரு, மாறல."

"காலும் அப்படித்தானா?"

"காலப் பத்தி இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லயே தங்கச்சி" என்று அவர் தன் கால்களை ஒரு தடவை பார்த்துக்கொண்டார். "அப்படித்தான் போலிருக்கு."

அவள் எழுந்து ஸ்டாண்டுக்கு முன்னால் போய் நின்றாள். இடது கால் தானாக எழுந்து, தானாகப் பெடலில் போய் உட்கார்ந்தது. தண்ணீர் சுத்தமாக விழுந்தது. காலை எடுத்துவிட்டு வலது காலால் முயன்றாள். செருப்பு முனை வெறும் தரையைத் தடவியது. பெடல் இடது ஓரத்தில், இன்னும் கொஞ்சம் வெளியே தள்ளி, சாய்வாக இருந்தது. நேரே நிற்கிற யாருக்கும் வலது கால் எட்டாத இடம். வலது காலைத் தூண் மாதிரி ஊன்றிக்கொண்டு, இடது காலை மட்டும் வீசி வைக்கிற ஓர் ஆளுக்குத்தான் அது கச்சிதமான இடம்.

அவளுக்குக் கல்யாணமான மறுவாரம் நினைவுக்கு வந்தது. பட்டறையில் முதன்முதலாக, மிதித்து ஓட்டுகிற கால் பிரஸ்ஸின் முன்னால் உட்கார்ந்தபோது வலது காலால் துழாவினாள். அங்கே ஒன்றும் இல்லை. பக்கத்தில் நின்ற மிஷின்காரர் ஒன்றும் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. ஸ்டூலைக் கொஞ்சம் நகர்த்திப் போட்டுக்கொண்டு இடது காலை வைத்தாள். ஒரு வாரத்தில் பழகிவிட்டது. ஒரு மாதத்தில் பழகியதே மறந்துவிட்டது. மகள் அந்தப் பட்டறையிலேயே தவழ்ந்து நடந்தவள். அவளுக்குப் பழக வேண்டிய அவசியம்கூட வரவில்லை.

வீடு திரும்பி, பின்பக்கத்தில் துணி அலசிக்கொண்டிருந்த நாத்தனாரிடம் சொன்னாள். நாத்தனார் முதலில் புரியாத மாதிரி இருந்தாள். பிறகு புரிந்து, பிழிந்த துணியை மறுபடி வாளிக்குள்ளேயே போட்டுவிட்டாள்.

"இத அவன்கிட்ட சொல்லப் போறியா?"

"சொல்லாம எப்படி அண்ணி? இன்னும் ஆறு நாள்தான் இருக்கு. பெடல மாத்தணும்னா அவர்தானே மாத்தணும்."

"மாத்தச் சொல்லு. ஏன்னு சொல்லாத."

"ஏன்னு கேக்காம ஒரு ஆணியாவது புடுங்குவாரா உங்க தம்பி?"

நாத்தனார் யோசித்தாள். வழியில் ஆபீசரம்மாவைப் பார்த்ததாகவும், பெடலை நடுவில் வைக்கச் சொல்லி அவர் யோசனை சொன்னதாகவும் சொல்லிவிடலாம் என்றாள். கவர்மென்ட்காரர்கள் சொன்னால் காரணம் இருக்க வேண்டியதில்லை என்பது அவள் கட்சி. ரிவிட்டக்காவுக்கு அது சரியாகப் படவில்லை. இருந்தாலும், வேறு விதமாகச் சொல்ல அவளுக்கு வாய் வரும் என்றும் தோன்றவில்லை. இருபத்திரண்டு வருஷத்து வழக்கம் நாக்கில் உட்கார்ந்திருந்தது.

மத்தியானம் சாப்பிடும்போது சொன்னாள். மிஷின்காரர் முட்டையை உரித்துக்கொண்டே கேட்டார். நடுவில் வைத்தால் வயர் வளையும், வளைந்தால் ஆறு மாதத்தில் அறும் என்றார். அந்தம்மா படித்தவர், காரணம் இல்லாமல் சொல்லியிருக்க மாட்டார் என்றும் அவரே சொன்னார். அதோடு பேச்சு முடிந்தது என்றுதான் இரண்டு பெண்களும் நினைத்தார்கள்.

மறுநாள் காலை அவர் சட்டை மாற்றிக்கொண்டு புறப்பட்டார். எங்கே என்று கேட்டதற்கு, ஆபீசுக்கு என்றார். நடுவில் என்றால் எத்தனை அங்குலம் என்று கேட்டு வர வேண்டாமா என்றார். நாத்தனார் ரிவிட்டக்காவைப் பார்த்தாள். ரிவிட்டக்கா தகட்டைப் பார்த்தாள். தடுத்து நிறுத்த ஒரு பொய் வேண்டியிருந்தது. நேற்றே கையிருப்பு தீர்ந்துவிட்டது.

பதினோரு மணிக்கு அவர் திரும்பி வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றி, எப்போதும்போல ஜோடியாக வைத்தார். உள்ளே வந்து ஸ்டூலில் உட்கார்ந்து, வலது காலை நேராக நீட்டிக்கொண்டார்.

"அந்தம்மா உன்னைப் பாக்கவே இல்லயாம்."

ரிவிட்டக்கா கையிலிருந்த சுத்தியலைக் கீழே வைத்தாள். மகள் வண்ண டப்பாவை மூடினாள். நாத்தனாரின் கத்தரி மட்டும் ரப்பரை இன்னும் இரண்டு வெட்டு வெட்டிவிட்டு நின்றது.

"பாக்கலதாங்க."

"அப்ப நடுவுலன்னு யார் சொன்னது?"

"நான்தான். பஸ் நிலையத்துல போய் உக்காந்து பாத்தேன். எல்லாரும் வலது காலத்தான் நீட்டுறாங்க. நீங்க இடது பக்கம் வச்சிருக்கீங்க. எட்டல. குறுக்க வச்சு மிதிச்சுத் தடுமாறுறாங்க. சில பேர் குனிஞ்சு கையால அமுக்குறாங்க."

"எல்லாரும்னா?"

"முப்பத்தெட்டுல முப்பத்துமூணு."

அவர் ஸ்டாண்டைத் திரும்பிப் பார்த்தார். "இங்க நீங்க மூணு பேரும் இடது காலாலதானே மிதிக்கிறீங்க. எவ்வளவு தடவ மிதிச்சுக் காட்டினீங்க."

இனிமேல் சொல்வதற்கு ஒன்றுதான் பாக்கி இருந்தது. ரிவிட்டக்கா அதை மெதுவாகத்தான் சொன்னாள். "இந்தப் பட்டறையில எல்லாமே இடது பக்கம்தாங்க. வந்த புதுசுல எனக்கும் எட்டல. பழகிக்கிட்டேன்."

அவர் எழுந்தார். கால் பிரஸ்ஸிடம் போய்க் குனிந்து பார்த்தார். அங்கிருந்து சாணைக்கல்லுக்கு. அங்கிருந்து புள்ளி வெல்டிங் மிஷினுக்கு. கட்டை அறுக்கும் வாளுக்கு. எதுவும் அவர் வாங்கினபடியே இல்லை. ஒவ்வொன்றின் பெடலையும் அவரே கழற்றி, அவரே மாற்றிப் பொருத்தியிருந்தார். சொந்தக் கைவேலையை யாரோ அந்நியன் செய்ததைப் பார்ப்பதுபோல ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தார். அரைவட்டம், அரைவட்டமாக அவர் கால் தரையில் உரசியது. கடைசியில் மகளிடம் வந்து நின்றார்.

"உனக்கு?"

"எனக்குத் தெரியாதுப்பா. எல்லாரும் இடது காலாலதான் மிதிப்பாங்கன்னு நெனச்சேன்."

அவர் உதட்டோரம் ஏதோ அசைந்தது. சிரிப்பென்றும் சொல்ல முடியாது.

"சொல்லியிருக்கலாமே" என்றார், பொதுவாக.

"நான்தான் சொல்ல விடல தம்பி" என்றாள் நாத்தனார். "அவ நேத்தே சொல்றேன்னா. ஊர்ல பேசுறது பத்தாதா, வீட்லயும் பேசணுமான்னு இருந்துச்சு."

"ஊர்ல பேசுறது எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா அக்கா? காம்பஸுங்கிறாங்க. பத்து வயசுலேருந்து கேக்குறேன். நல்ல பேருதான். வட்டம் சுத்தமா போடுற சாமான்."

நாத்தனார் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அந்தப் பெயருக்காக அவள் எறிந்த கல்லெல்லாம் ஒரு கூடை தேறும்.

மிஷின்காரர் ஸ்டூலில் போய் உட்கார்ந்து வேலையைப் பார்த்தார். சாப்பிடக் கூப்பிட்டபோது வந்தார், சாப்பிட்டார். சாப்பிட மாட்டார் என்று பயந்திருந்த நாத்தனார் இன்னொரு கரண்டி சோறு வைத்தாள். அதையும் சாப்பிட்டார்.

மறுநாள் காலை அவர் ஒரு பழைய தகட்டையும் ஒரு டப்பா சுண்ணாம்புப் பொடியையும் எடுத்துக்கொண்டார். ரிவிட்டக்காவையும் வரச் சொன்னார். பஸ் நிலையத்தில் ஸ்டாண்டுக்கு முன்னால் தகட்டைப் போட்டு, அதன்மேல் பொடியைச் சீராகத் தூவினார். பிறகு இருவரும் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தார்கள். பத்துப் பதினைந்து பேர் கழுவிப் போனதும் அவர் எழுந்து போய்த் தகட்டைப் பார்ப்பார். செருப்பு எங்கே ஊன்றியது, எங்கே தேடியது, எங்கே வழுக்கியது என்று பொடியில் தடம் இருக்கும். அளவு நாடாவைப் பிடிக்கச் சொல்லி எண்களை ஒரு அட்டையில் குறித்துக்கொள்வார். பொடியைச் சமன் செய்துவிட்டு மறுபடி வந்து உட்காருவார். பஸ் ஏற வந்தவர்களில் சிலர் அவர் நடையைப் பார்த்தார்கள், பிறகு தகட்டைப் பார்த்தார்கள். அவர் யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. தரையில் பட்ட பாதங்களை மட்டும் பார்த்தார்.

"பாரு" என்றார் ஒரு தடவை, அவளைப் பக்கத்தில் கூப்பிட்டு. "குழந்தையத் தூக்கிக்கிட்டு வர்றவங்க நேரா நிக்கறதே இல்ல. பக்கவாட்டுலதான் நிக்கறாங்க. நடுவுல வச்சாலும் அவங்களுக்கு எட்டாது."

பெடலே வேண்டாம் என்று முடிவு செய்தார். ஸ்டாண்டின் முழு அகலத்துக்கும் ஒரே பட்டையாக, வாசல்படி மாதிரி ஒன்று. எந்தக் காலாலும், எந்த ஓரத்திலும் மிதிக்கலாம். முழங்காலால் இடித்தால்கூடத் தண்ணீர் வரும். ஓரத்தில் மிதித்தால் பட்டை கோணிக்கொண்டது. அதனால் இரண்டு பக்கமும் ஸ்ப்ரிங் வைத்து, பின்னால் ஒரு கம்பியைக் குறுக்கே ஓட்டினார். அதற்கு இரண்டு நாள் பிடித்தது. பட்டையை மடிப்பது ரிவிட்டக்காவின் வேலை. கைப்பிடியை இறக்கினாள்; ஒரே மடிப்பு. பழைய மாதிரி தட்டி மடித்திருந்தால் அவ்வளவு நீளத்துக்கு நேர்கோடு வந்திருக்காது.

சோதனை பார்க்க இந்தத் தடவை வீட்டார் யாரையும் அவர் விடவில்லை. தெருவில் போகிறவர்களைக் கூப்பிட்டார். பால்காரர், தபால்காரர், எதிர்வீட்டுக்கு வந்த விருந்தாளி, பழுது பார்க்கக் கொடுத்த தையல் மிஷினைக் கேட்டு வந்த டெய்லர். மிஷின் இன்னும் ஆகவில்லை, கை கழுவிவிட்டுப் போங்கள் என்றார். டெய்லர் கழுவிவிட்டு, நான்கு தடவை வந்ததற்கு இதுவாவது கிடைத்ததே என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஒன்பதாம் நாள் மூன்று ஸ்டாண்டும் திரும்பப் போய் நின்றன. இரண்டு வாரம் கழித்து ஆபீசரம்மா வந்தார். இந்தத் தடவை தேநீருக்கு முன்பே தாளை எடுத்துவிட்டார். மூன்று இடத்திலும் நல்லபடியாக எழுதியிருந்தார்கள். சந்தையில் மட்டும் சோப்பு தினமும் காணாமல் போகிறதாம்; அது இவர்கள் பொறுப்பில்லை என்றார். தானே பஸ் நிலையத்தில் போய் நின்று பார்த்ததாகவும், ஒரு குழந்தை இரண்டு காலாலும் ஏறி நின்று கழுவியதாகவும் சொன்னார்.

"இன்னும் ஒரு படிவம் மட்டும் இருக்கு. நீங்க எழுதிக் குடுத்தா நான் கையெழுத்துப் போட்டு மேல அனுப்பிடுவேன். அனுப்பினா மிஷின் உங்களுக்குத்தான், ஆர்டரும் உங்களுக்குத்தான்."

வீட்டில் எழுத்து வேலை மகளுடையது. அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து பெட்டிமேல் தாளை வைத்து எழுத ஆரம்பித்தாள். பட்டறையின் பெயர், முகவரி, தகட்டின் கனம், தொட்டியின் கொள்ளளவு. கடைசியில் ஒரு கட்டம் வந்தது: முதல் மாதிரியில் செய்த மாற்றம், அதற்கான காரணம். அவள் பேனாவைக் கொஞ்ச நேரம் காற்றில் பிடித்திருந்துவிட்டு எழுதினாள்.

"என்ன எழுதின?" என்று கேட்டார் மிஷின்காரர்.

"பெடலுக்குப் பதிலா பட்டைன்னு எழுதினேன்ப்பா. தொழில்நுட்பக் காரணங்களுக்காகன்னு போட்டிருக்கேன்."

"அப்படி ஒரு காரணமும் இல்லயே. அத அடிச்சிடு."

மகள் அடித்தாள்.

"நான் சொல்றத எழுது. செய்தவருக்கு வலது முட்டி மடங்காது. தன்னுடைய காலுக்கு எட்டுகிற இடத்தில் பெடலை வைத்துவிட்டார். மற்றவர்களுக்கு எட்டவில்லை."

பேனா நகரவில்லை. ஆபீசரம்மா தேநீர்க் குவளைக்குள் பார்த்துக்கொண்டிருந்தார். மூலையில் நாத்தனார் கத்தரியை மடியில் வைத்தாள்.

"தம்பி, அது கவர்மென்ட் காகிதம். நாலு பேர் படிப்பாங்க."

"படிக்கட்டும் அக்கா. மனுப் போட்ட மத்த பதினாறு பட்டறைக்காரங்கள்ல எவனாவது படிச்சா, செய்யறதுக்கு முன்னால வேற யார் காலயாவது ஒரு தடவ பாப்பான்."

ரிவிட்டக்கா மடிக்கும் மிஷினின் கைப்பிடியைப் பிடித்தபடி நின்றிருந்தாள். முட்டி என்ற சொல்லை அவர் வாயால் அவள் கேட்டது இதுதான் முதல் தடவை. ஏதோ ஓர் உதிரி பாகத்தின் பெயரைச் சொல்வதுபோலத்தான் அவர் சொன்னார்.

மகள் தலைகுனிந்து எழுதினாள். பாதியில் நிறுத்தி, முட்டி என்று போடுவதா, மூட்டு என்று போடுவதா என்று தயங்கிக் கேட்டாள்.

"முட்டின்னே போடு" என்றார் மிஷின்காரர். "வலதுங்கிறத விட்டுடாத."

கட்டத்துக்குள் இடம் போதவில்லை. மிச்சத்தை அவள் ஓரத்தில் சின்ன எழுத்தில், மேல்நோக்கி எழுதி முடித்தாள். ஆபீசரம்மா வாங்கி, தாளைத் திருப்பிப் பிடித்து ஓரத்திலிருந்ததையும் முழுக்கப் படித்தார். பிறகு பேனாவைத் திறந்து, அதன் கீழே கையெழுத்துப் போட்டார்.